வெந்த வாசம்

— என்ன ஷைலஜா, வண்டியக் கழுவி நிறுத்திட்டு வரேன்... குக்கர் இன்னும் ஓடுதா?

— ஓடுது பவித்ரேட்டா. சாயாவ அங்கயே உக்காந்து குடிங்க. இங்க ஆவி அடிக்கும்.

— பரவால்ல, இங்கயே நிக்கறேனே.

— இங்க என்ன கல்யாணப் பந்தலா? கண்ணூர் கோழிக்கடை அத்தனையோட குடலும் இறகும் இதுக்குள்ளதான் கிடக்கு.

— கொண்டு வந்து கொட்டினவனே நான்தான். எனக்கே சொல்றியா?

— மீன்தீனி கம்பெனிக்காரர் பத்து மணிக்கு வர்றார். இதுல இருந்து அவருக்குப் போற தூள் சரியா வெந்திருக்கணும். மறுபடி மூட்டையத் திருப்பி அனுப்பினார்னா, என்னைக் குக்கர்ல இருந்து எடுத்துட்டுத் தரை கழுவப் போடுவாங்களாம். மேனேஜர் சொல்லிட்டார்.

— அதெல்லாம் ஒண்ணும் ஆகாது.

— சரி... வாசம் எப்படி இருக்கு, சொல்லுங்க.

— கடலை வறுக்கற வாசம். ஈர வாடையே இல்ல. இறக்கிடு.

— நிஜமாவா?

— நான் என்னிக்கு உங்கிட்ட...

— இருங்க, ஒரு கரண்டி எடுக்கறேன். ஆறட்டும்... ம், கைய நீட்டுங்க. இறுக்கிப் பிடிங்க. இப்ப விரிங்க.

— ...கட்டியா நிக்குது.

— கொழுக்கட்டை மாதிரி நிக்குது. இறகு நூல் நூலா இருக்கு பாருங்க. வெந்திருந்தா மணலா உதிரணும். இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். எங்க உங்க கடலை வாசம்?

— அது வந்து...

— இங்க திரும்புங்க. மூக்கு செக்கச்செவேல்னு இருக்கு. சளியா?

— நேத்து மழையில கொஞ்சம் நனைஞ்சேன்.

— மூக்கடைச்சுக் கிடக்கறவருக்கு வாசம் எப்படி வந்துச்சு?

— மணியப் பாத்துச் சொன்னேன். தினமும் இந்நேரத்துக்கு வெந்துடும்ல.

— மழையில நனைஞ்சது நீங்க மட்டும்தானா? கடைக்காரங்க வெளிய வெச்ச சரக்கும்தான். தண்ணி வத்த வேண்டாமா?

— தோணல.

— தெரியலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?

— சொன்னா நீ யாருகிட்டப் போய்க் கேப்ப?

— நான் ஏன் யாருகிட்டயாவது கேக்கணும்?

— ஷைலஜா... எட்டு மாசம் முன்ன வந்த அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் உனக்கு மூக்கு வேலை செய்யல. எனக்குத் தெரியும்.

— ...யார் சொன்னா?

— யாரும் சொல்லல. சாப்பாட்டு ரூம்ல ஊசிப்போன மீன்கறிய நீ மட்டும் கப்பைக் கிழங்குக்குத் தொட்டுச் சாப்பிட்டியே. எல்லாரும் ஓடினோம். நீ இன்னும் கொஞ்சம் ஊத்திக்கிட்ட.

— அய்யோ.

— அன்னிலேர்ந்துதான் இங்க வந்து நிக்கறேன். ஈரமா, வெந்துச்சா, கருகுதான்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போவேன். நீயும் கேக்காத மாதிரி கேட்டுப்ப.

— அதனாலதான் மதிய வண்டிக்கு மாறச் சொன்னப்ப மாட்டேன்னீங்களா? அதுல பாதி தூரம்தானே ஓட்டணும்.

— நான் போயிட்டா உனக்கு யார் சொல்லுவா? இன்னிக்கும் பாரு, நானே உன் வேலைக்கு உலை வெக்கப் பாத்தேன்.

— எட்டு மாசமா மனசுலயே வெச்சிருந்தீங்க.

— வெளிய தெரிஞ்சா உன் வேலை போயிடுமே. நாளைக்குச் சளி சரியாயிடும். திரும்ப வந்து நிக்கறேன். நீ பயப்படாத.

— பவித்ரேட்டா... எனக்கு மூக்கு சரியாகி மூணு மாசம் ஆச்சு. நான் வாசம் கேக்கலன்னா நீங்க வரமாட்டீங்களேன்னுதான் சொல்லல.