மச்சான் இறங்கிய சென்னை

மரநாய்தான்னு நெனச்சேன். இருட்டுனப்புறம் லாபு எஸ்டேட்டு வீட்டுல, குசினிக் கதவுக்கு அந்தாண்ட சரக்கு சரக்குனு பெராண்டுனா வேற என்னத்த நெனைக்கறது? ஆனா மரநாய் செருமாதே. செருமுனீங்க பாருங்க, அப்பத்தான் தெரிஞ்சுச்சு நம்ம ஃபிரோஸ் மச்சான்னு. ம்ஹும், உள்ள வேணாம். அங்கயே நின்னு பேசுங்க.

என்னது, சென்னைக்குப் போயி திரும்பி வந்துட்டீங்களா? அடேயப்பா! போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ராக்கெட்டா வெச்சிருக்கீங்க?

சாயங்காலம் நாலரைக்கு பிளேன்னு ஊரு பூராவும் சொன்னீங்க. உங்க அக்காவுக்குக்கூட போன் போட்டாச்சு. நோன்பு தெறக்கற நேரத்துல எனக்கு ஒரு போன். எறங்கிட்டேன் கமரு, சென்னை ஏர்போர்ட்டுல கஞ்சி குடிக்கறேன்னு. பின்னால பாங்கு சத்தம். நீங்க உறிஞ்சற சத்தம் வேற.

இங்கேருந்து சென்னை ரெண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் லா மச்சான். நீங்க கஞ்சி குடிச்சப்ப அந்த பிளேன் இன்னும் கடலுக்கு மேல. அதுகூடப் போகட்டும். அங்க நமக்கு ரெண்டரை மணி நேரம் பிந்தி. இங்க பொழுது சாஞ்சு மஃரிபுன்னா அங்க வெயில் சுள்ளுன்னு அடிக்கும். அந்த வெயில்ல எந்த மோதினாரு பாங்கு சொல்லி உங்களுக்கு நோன்பு தெறந்து வெச்சாரு?

கான்வென்ட்டுல சிஸ்டர் ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச்சையும் வெச்சு, ஊருக்கு ஊரு நேரம் மாறறதச் சொல்லிக் குடுத்தாங்க. சின்னப் புள்ள எனக்கே புரிஞ்சுச்சு. நாளெல்லாம் தலைக்கு மேல பிளேன் போற ஊருல பொறந்துட்டு, பொய்யையாவது ஒழுங்கா சொல்ல வேணாமா?

கத்தாதீங்க. நம்ம புள்ள அமால் தூங்குது.

இந்தா பக்கத்துல இருக்கற சி ரூசாவுல அந்தப் பொம்பள வீட்டுக் கஞ்சிதானே? அதுக்கெல்லாம் நான் அழுது முடிச்சாச்சு. எதுக்கு இந்தச் சென்னைக் கதைன்னுதான் பிடிபடல. நீங்க கதவப் பெராண்டுனதும் பிடிபட்டுருச்சு. அமால் அம்மா என்கிட்டதான் இருக்கணும்னு போன வாரம் கோர்ட்டுல சொல்லிட்டாங்க, இல்ல? எல்லாரும் ராத்திரித் தராவீஹ் தொழ சுராவுப் பள்ளிக்குப் போயிருக்கற நேரமாப் பாத்து புள்ளயத் தூக்கிட்டுப் போயிரணும். அப்பன்தான் சென்னையில இருக்கானே, யாரு சந்தேகப்படுவா? நான் மாரடிச்சுக்கிட்டு அழறப்ப போன் போட்டு ஆறுதல் வேற சொல்லுவீங்க.

பாக்கணும்னா பகல்ல வாங்க, மனுசன் மாதிரி முன் வாசல் வழியா.

இவ்வளவு நேரம் ஏன் நின்னு பேசறேன்னா கேக்கறீங்க? உங்க மேல ஆசையா என்ன? நீங்க வீட்ட விட்டுப் போனப்புறம் இந்தத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சு நகரவே இல்ல. கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. அது தெரியாம நீங்க ஸ்குரூ டிரைவர வெச்சு நோண்டுறீங்க. நான் இந்தப் பக்கம் தோளால கதவ முட்டிக்கிட்டு, தேங்காண்ணெய விட்டு விட்டு இழுக்கறேன். பாதி எண்ணெய் காலுலதான் கொட்டுச்சு. வெரலால தள்ளியிருந்தாக்கூட தெறந்திருக்கும் மச்சான்.

இந்தா, தாழ்ப்பாள் விழுந்துருச்சு.