றொமிலாவும் ரொமிலாவும்

தேத்தண்ணீருக்கு நன்றி, தம்பி. சீனி வேண்டாமென்றுதான் சொன்னேன், கொஞ்சம் போட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. நீங்கள் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். நேசறிப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்கிய ஆள் நான். யார் பேனை பிடித்தாலும் கண் அங்கேதான் போகும். நிறுத்தி எழுதுங்கள், நான் எங்கும் ஓடப்போவதில்லை.

றொமிலா என் தங்கையின் மகள். தங்கை கண்ணை மூடியபோது பிள்ளைக்கு நாலு வயது. தகப்பன் ஜோர்ஜ் அடுத்த வருடமே பிரான்சுக்குப் போனான். "விசா சரிவந்த உடனை பிள்ளையைக் கூப்பிடுவன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். விசா சரிவருவதற்குள் பிள்ளை பெரியபிள்ளையாகிவிட்டாள். இடைப்பட்ட காலத்தில் அவளுக்குப் பேன் பார்த்ததும், சின்னமுத்துக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் படுத்ததும், நாரந்தனையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றி இறக்கியதும் நான்தான். இதைச் சாட்டாகச் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுகிறவள் தாயில்லை என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டு முடியுமுன் பிள்ளை அங்கே வந்துவிட வேண்டும், பிந்தினால் சட்டம் வேறு என்று ஜோர்ஜ் சொன்னான். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு ஐசி, அதுதான் அடையாள அட்டை, வேண்டும். பக்கத்து வீட்டு ஜெயந்தா, "ஒரு லைசென்ஸ் எடுத்து விடுங்கோவன் அக்கா, அதுவும் அடையாளம்தானே" என்றாள். றொமிலா சைக்கிளைத் தவிர வேறொன்றும் ஓடமாட்டாள். ஓடினாலும் லைசென்ஸ் கொடுக்கிற இடத்திலும் முதலில் ஐசியைத்தான் கேட்பார்கள். எல்லாக் கதவுக்கும் ஒரே திறப்புத்தான், தம்பி.

முதல் பிழை என்னுடையதல்ல. இதை நீங்கள் கட்டாயம் எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தால் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்தது. பிறப்புச் சான்றிதழில் நம்மவர்கள் எழுதுகிறபடி றொமிலா என்று இருந்தது. பள்ளிக்கூடப் பெயர் இடாப்பில் யாரோ ரொமிலா என்று எழுதிவிட்டார்கள். வாயால் கூப்பிடும்போது ஒரே பிள்ளை, கடதாசியில் இரண்டு பிள்ளைகள். தீவுப்பகுதியில் இது புதினமில்லை. றொபேட், றஞ்சன், றெஜினா என்று எத்தனை பேர் இந்த ஒரு எழுத்தோடு கந்தோர் கந்தோராக அலைந்திருக்கிறார்கள்.

அதிபர் நல்ல மனிதர். ஐசிக்குப் பதிலாகப் பிள்ளையின் படத்தில் தான் கையெழுத்து வைத்துச் சோதனைக்கு இருத்தினார். இடாப்பையும் ற என்று திருத்தித் தருவதாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அதே கிழமை ஊர்காவற்றுறைப் பதிவுக் கந்தோருக்குப் போய், பிறப்புச் சான்றிதழை ர என்று திருத்த மனுக் கொடுத்தேன். பாதுகாவலர் நான் என்றபடியால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ர போய் ற வந்தது. சான்றிதழில் ற போய் ர வந்தது. ஒருவரையொருவர் கூப்பிட்டுவர இரண்டு பேர் எதிரெதிர் பஸ்ஸில் போன கதையாயிற்று. பிறகு பள்ளிக்கூடத்தை ர ஆக்கச் சொன்னேன். அவர்கள் ஆக்கி முடிக்கிற நேரம் பார்த்துச் சான்றிதழைப் பழையபடி ற ஆக்கினேன்.

"பெரியம்மா, இந்தமுறையும் திருப்பிப் போட்டினமாம்" என்று றொமிலா வந்து நிற்பாள்.

"என்ன செய்யிறது பிள்ளை, கந்தோர்க்காரருக்கு ஆர் புத்தி சொல்லுறது" என்பேன்.

அவள் அழுவாள். நானும் அழுவேன். அது நடிப்பில்லை. அவள் அழுதால் எனக்குத் தாங்காது.

ஏன் என்று நீங்கள் கேட்கத்தானே வேண்டும். என் அண்ணன் அம்புறோஸ் அந்தச் சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணம் போகும்போது ஐசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனார். வாசலில் நின்று தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படலையைத் திறந்தார். அவர் திரும்பி வரவில்லை. ஐசியைத் துலைத்துவிட்டு வெளியே போகப் பயந்து வீட்டுக்குள் கிடந்த சின்னண்ணன் இன்றைக்கும் சுருவிலில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். மற்றவர்கள் ஐசி உயிரைக் காக்கும் என்பார்கள். என் கண் கண்டது வேறு. அது கையில் இருக்கிற பிள்ளை படலையைத் திறக்கும், இல்லாத பிள்ளை வீட்டில் இருக்கும்.

அதனால் அவளுக்கு வேறு சிலதும் சொல்லிவைத்தேன். ஐசி இல்லாமல் யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலம் தாண்டினால் பிடித்து இருத்துவார்கள் என்றேன். இப்போது அப்படி யாரும் பிடிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கூட்டாளிப் பிள்ளைகள் சொல்லிச் சிரித்திருப்பார்கள். ஆனால் சின்ன வயதில் ஊட்டின பயம் இலேசில் இறங்காது. யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வகுப்புக்கு இடம் கிடைத்தும் அவள் போகவில்லை. போன் என்னுடைய பெயரில், என்னுடைய தலைமாட்டில். ஜோர்ஜ் எடுத்தால், "பிள்ளைக்கு அங்கை வர மனமில்லைப்போலை கிடக்கு, நெருக்காதையும்" என்பேன். அவளிடம், "அப்பாவுக்கு இப்ப கதைக்க நேரமில்லையாம்" என்பேன். கொஞ்ச நாளில் அவள் போன் அடித்தாலும் தலை நிமிர்த்திப் பார்ப்பதில்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியை நான் நிம்மதி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் எனக்குச் சொல்லாமல் கிராம அலுவலரிடம், விதானையிடம் போய்விட்டாள். எங்கள் விதானை சிவரூபி இளம் பிள்ளை, என்னிடம் அரிச்சுவடி படித்தவள். அவள் எல்லாக் கடதாசியையும் ஒருநாளில் ஒரே எழுத்தாக்கி, தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். "ரீச்சருக்கு இனி அலைச்சல் வேண்டாம், நான் பாக்கிறன்" என்று வழியில் கண்டபோது சொன்னாள். நான் அவளை ஆசீர்வதித்தேன்.

அட்டை வந்த அன்று றொமிலா கோயிலில் பாட்டுப் பழகப் போயிருந்தாள். அவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் காலம் இருந்தது. சிவரூபி வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாள். நான் கையெழுத்து வைத்து வாங்கினேன். படம் வடிவாக வந்திருந்தது. தங்கையின் நாடி, அதே மோவாய், அப்படியே இருந்தது. கன நேரம் பார்த்தேன். பிறகு குசினிக்குப் போய் அடுப்பில் வைத்தேன். அது கடதாசி மாதிரி எரிகிற சாமானில்லை. சுருண்டு, குமிழ் விட்டு, கறுத்து, விறகோடு ஒட்டிக்கொண்டது. அவள் வந்து, "என்ன பெரியம்மா மணக்குது?" என்று கேட்டாள். சோறு அடிப்பிடித்துவிட்டது என்றேன். அடிப்பிடிக்காத சோற்றைத்தான் அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு அவள் தினமும் கேட்டது ஒன்றுதான். "வந்ததோ?" இல்லை என்பேன். சிவரூபி மகப்பேற்று விடுமுறையில் போய்விட்டாள், கேட்டுப்பார்க்கவும் ஆளில்லை. பதினெட்டாவது பிறந்தநாளுக்குக் கேக் அடித்தேன். மெழுகுதிரியை ஊதும்போது அவள் முகம் கழுவிவைத்த கோப்பைமாதிரி இருந்தது, ஒன்றுமில்லாமல். அந்த முகத்தைப் பார்த்து நான், இனிப் பிள்ளை ஆறிவிடும் என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

சிவரூபி வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவள் போய், அட்டை வாங்கியதற்கு நான் வைத்த கையெழுத்தைக் கண்டிருக்கிறாள். வந்து சண்டை பிடிக்கவில்லை. கதிரையில் இருந்து, "அது எங்கை?" என்று மட்டும் கேட்டாள். எரித்துவிட்டேன் என்றேன். அவளுக்கு நான் நேரே சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். எழும்பிச் செருப்பைப் போட்டாள். அவள் சைக்கிள் இந்தப் பொலிஸ் வாசலில் வந்து நின்றபிறகுதான் நீங்கள் எனக்கு ஆள் அனுப்பினீர்கள்.

எல்லாம் நான்தான் செய்தேன், தம்பி. எழுத்தை மாற்றியதும், தகப்பனுக்கும் மகளுக்கும் பொய் சொன்னதும், அட்டையை எரித்ததும். எங்கே வைக்கச் சொன்னாலும் கையெழுத்து வைக்கிறேன்.

அவள் இனி என்னோடு வரமாட்டாள், கன்னியர் மடத்தில் நிற்கப்போகிறாள் என்று சொல்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பாள். வெளி வாங்கில் தனியேதான் இருக்கிறாள், கதவால் தெரிகிறது. நீங்கள் கொஞ்சம் கெதியாக எழுதி முடித்தால் நல்லது. பொழுது படுகிறது, கையில் ஐசியும் இல்லாத பிள்ளை, நான் இல்லாமல் அவள் எப்படி வீட்டுக்குப் போவாள்?