இரண்டாவது பானை

எனக்குச் சமைக்கத் தெரியாது, இன்ஸ்பெக்டர். இந்த வயதில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவிலேயே வீடு, அதனால் பிழைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். வேலைக்காலம் முழுவதும் கல்லூரியில் நடத்தியது ஒரே பாடம், நேரியல் திட்டமிடல். பெயர்தான் பெரிது. இது இவ்வளவுக்குக் குறையக் கூடாது, அது அவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனைகளை வரிவரியாக எழுதுவோம். அத்தனைக்கும் அடங்கி வருகிற மிகக் குறைந்த செலவு எது என்று கண்டுபிடிப்போம். அவ்வளவுதான்.

என் தங்கை இராசேஸ்வரி கிள்ளானில் முதியோர் இல்லம் நடத்துகிறாள். நேற்று அவளையும் விசாரித்தீர்களாமே. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். போன தீபாவளிக்கு வந்தவள், வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், இல்லத்தை மூடத்தான் வேண்டும் என்று அழுதாள். மூடினால் அந்தக் கிழங்கள் எங்கே போகும்? கொண்டுவந்து விட்டுவிட்டு போன் நம்பரை மாற்றிக்கொண்ட பிள்ளைகள்தான் பாதிப் பேருக்கு. அழாதே என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.

சாப்பாட்டுச் செலவை எடுத்துக்கொண்டேன்; தங்கையும் அதை முழுக்க என் பொறுப்பில் விட்டுவிட்டாள். அரிசி, பருப்பு, கோழி, காய் எல்லாவற்றுக்கும் பாசார் விலை போட்டேன். ஒருவருக்கு இத்தனை புரதம் வேண்டும், உப்பு இதற்கு மேல் வேண்டாம் என்று வரிகள் போட்டேன். கடைசியாக ஒரு வரி. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் போகிறவர்களுக்குப் பொட்டாசியம் அளவு மீறக் கூடாது. மீறினால் இதயம் நின்றுவிடும் என்று மருத்துவமனை உணவு ஆலோசகர் சொல்லியிருந்தார். அதற்காகவே சமையல்காரி லோகேஸ்வரி அவர்களுக்குத் தனியாக இரண்டாவது பானை வைப்பாள். காயை அவித்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி அவிப்பாள். பருப்புக்குப் பதில் கோழி, வாழைப்பழத்துக்குப் பதில் ஆப்பிள்.

விடை வந்தது. செலவு குறைந்திருந்தது, ஆனால் போதவில்லை. விடை வந்ததும் எழுந்து போகிறவன் அரைகுறை என்று மாணவர்களிடம் சொல்வேன். எந்த நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தினால் எவ்வளவு மிச்சம் என்று அதற்குப் பிறகு பார்க்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஓர் எண் வரும், நிழல் விலை என்போம். புரதத்துக்குச் சின்ன எண். உப்புக்குப் பூஜ்யம். பொட்டாசியத்துக்கு எதிரே நின்றதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். இல்லத்தை மூடவைப்பது வாடகையே இல்லை, இந்த ஒரு வரிதான்.

அதை நான் அழிக்கவில்லை. தயவுசெய்து அதை எழுதிக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் ஆட்களுக்கு என்று இருந்ததை, இல்லத்தில் உள்ள எல்லோருக்கும் சராசரியாக என்று மாற்றினேன். திடமானவர்கள் எவ்வளவோ தாங்குவார்கள். அதையும் இதையும் கூட்டி வகுத்தால் தாராளமான ஓர் அளவு கிடைத்துவிடுகிறது. கணக்கில் எங்கேயும் மீறல் கிடையாது. பருப்பு, கீரை, கெலெடெக் என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேங்காய்ப்பால், சாயங்காலம் ஒரு வாழைப்பழம், எல்லாம் ஒரே பானையில் முடிந்தது. கிள்ளானில் இதைவிட மலிவாக ஒரு மனிதருக்குச் சோறு போட முடியாது.

லோகேஸ்வரிதான் முணுமுணுத்தாள். "டீச்சர், டயாலிசிஸ் ஆளுங்களுக்கு இது ஆவாது லா. நான் வேணா கூட நேரம் நின்னு தனியா வச்சிடுறேன், சம்பளம் வேணாம்." ஆலோசகரிடம் கேட்டுவிட்டேன், இப்போதெல்லாம் நல்ல மருந்து வந்துவிட்டது என்றேன். நான் யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடம் வந்து சொன்னது அவள்தான் என்று தெரியும். கோபமில்லை. நல்ல பெண்.

முதலில் புஷ்பவல்லி போனார், தூக்கத்திலேயே. சர்க்கரை, சிறுநீரகம், அதோடு வயது. டாக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நாகையா. கால் துவண்டுபோகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர், குளியலறைக்குப் போகும்போது விழுந்தார், எழவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஆட்களின் எண்ணிக்கையைத் திருத்திக் கணக்கை மறுபடி ஓட்டினேன். தகவல் மாறினால் ஓட்டித்தானே பார்க்க வேண்டும். பொட்டாசியத்தின் நிழல் விலை இறங்கிக்கொண்டே வந்தது. நோயாளிகள் குறையக் குறையச் சராசரி தளரும், அது இயல்பு.

சபாபதிக்குப் புதுச் சாப்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. ரயில் ஓட்டியவர், நாக்கு கொஞ்சம் நீளம். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "முன்ன லோகேஸ்வரி போட்டது துணி தொவச்ச தண்ணி மாரி இருக்கும் டீச்சர். இப்பத்தான் மனுசன் சாப்பாடு. ஆனா கையெல்லாம் மரத்துப் போவுது. சாப்பிடலாந்தானே?"

"தாராளமா சாப்பிடுங்கண்ணே" என்றேன்.

இல்லத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். உண்மையும் அதுதான். இத்தனை பேரை நடுத்தெருவில் விடாமல் காப்பாற்ற வேறு வழி இருக்கவில்லை. கன்னையா வந்துபோனதை மட்டும் சொல்ல வேண்டாம் என்கிறார். எனக்கு மறைத்துப் பழக்கமில்லை.

கன்னையா கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருக்கிறார். அவருடைய அம்மாவின் கடைசிக் காலம் எங்கள் இல்லத்தில்தான். நாகையாவின் காரியம் முடிந்த மறுவாரம் அரிசி மூட்டைகளோடு வந்தார். தங்கை வெளியே போயிருந்தாள். "கிட்னி ஆளுங்க சாப்பாட்டுச் செலவு இனிமே என்னுது டீச்சர். எத்தன வருசம் ஆனாலும் சரி, தனியாவே சமைச்சுப் போடுங்க" என்றார். சபாபதி அப்போது உயிரோடுதான் இருந்தார். முன்வாசல் நாற்காலியிலிருந்து லோரிக்காரப் பையனிடம் பிரேக் பிடிப்பது எப்படி என்று வம்பளந்துகொண்டிருந்தார்.

"வேணாம் பாஸ், நாங்க சமாளிச்சிட்டோம்" என்று சொல்லிக் கன்னையாவை அனுப்பிவிட்டேன். தங்கையிடமும் சொல்லவில்லை. அந்த வாரமே சபாபதி போய்விட்டார்.

ஏன் என்று கேட்பீர்கள். அவர் காசை வாங்கினால் பழைய வரியைத் திரும்பப் போட வேண்டும், இன்ஸ்பெக்டர். அந்த ஒரே பானை விடையை நீங்கள் பார்க்கவில்லை. அவ்வளவு சுத்தமாக ஒரு விடை என் வாழ்நாளில் எனக்கு வந்ததே இல்லை.