முதலில் பிரித்த உறை

"படுங்கடா!"

குண்டு ஊளையிட்டுக்கொண்டு வருகிறது. படுக்கிறேன். டம். பாறை தெறிக்கிறது. அடுத்தது. டம். அதற்குப் பிறகு காதில் கொய்ங் என்ற சத்தம் மட்டும். இடது காலைத் தடவுகிறேன். கை முழுக்கச் சூடாக ரத்தம்.

பக்கத்தில் முத்துக்குமார் கிடக்கிறான். ஆண்டிமடத்துக்காரன். நான் ரெட்டிபாளையம். அந்த எல்லை முகாமில் அரியலூர்ப் பக்கத்து ஆட்கள் நாங்கள் இருவர்தான். அவனுக்குத் தொடையில் அடி.

முதலுதவி பார்க்கும் மலையாளி மெடிக் ஊர்ந்து வருகிறார். பையில் கட்டுத்துணி உறைகள். அப்போது எங்கள் யூனிட்டில் ராணுவ டாக்டர்கள் ஒரு சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். சில உறைகளில் ரத்தத்தை உறைய வைக்கும் புது மருந்து தடவிய பழுப்புத் துணி. மற்றவற்றில் வழக்கமான வெள்ளைத் துணி. வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். பொறுக்கக் கூடாது. எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். சிரித்துக்கொண்டே போட்டோம். அடிபடுவது எப்போதும் அடுத்தவன்தானே.

மெடிக் முதலில் அவனிடம்தான் போனார்.

"அண்ணனுக்கு மொதல்ல பாருங்க சார்! அண்ணனுக்கு!"

கத்தியது அவன். 'வேண்டாம், அவனைப் பாருங்கள்' என்று சொல்ல எனக்கு மூச்சு இருந்தது. சொல்லவில்லை. அவரவர் உயிர் அவரவருக்கு வெல்லம்.

எனக்கான உறையைப் பிரித்தார். பழுப்புத் துணி. புதுசு. சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். அடுத்த உறை அவனுக்கு. வெள்ளைத் துணி. அது நனைந்துகொண்டே இருந்தது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டபோது அவன் பேச்சு நின்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் சோதனை நடத்திய டாக்டரிடம் கேட்டேன். எது நல்லது என்று தெரிந்திருந்தால் சோதனையே தேவையில்லை என்றார். அவனுக்குப் பெரிய ரத்தக்குழாயே அறுந்துவிட்டது, புதுசைப் போட்டிருந்தாலும் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது என்றார். சரியான பதில்தான். புத்திக்குப் புரிந்தது. தூக்கம்தான் வரவில்லை.

செயற்கைக் காலோடு ஆண்டிமடம் போனேன். அவன் அம்மா முந்திரி உடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் கத்தியது. நான் வாய் திறக்காதது. யாருக்கு எந்தத் துணி. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டு வாங்கத்தான் போயிருந்தேன்.

உடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நாந்தான்ப்பா அப்புடி வளத்தேன். பெரியவங்க இருக்கயில முந்திக்காதடான்னு. சோத்துக்குச் சொன்னேன்ப்பா. சோத்துக்குத்தான் சொன்னேன்."

இழந்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். முத்துக்குமார், வயது இருபத்தாறு. என் இடது கால், முழங்காலுக்குக் கீழே. இந்த இரண்டும் குண்டு எடுத்தவை. பிள்ளையை ஒழுங்காக வளர்த்தோம் என்று அந்தத் தாய்க்கு மிச்சமிருந்த நிம்மதி. அதை எடுத்தது நான்.