வானதியின் தகடு

இஞ்சி மிட்டாய் கொடுக்காமல் நான் யாரையும் படகில் ஏற்றியதில்லை ஐயா. முதல் தடவை வருகிறவர்களுக்கு இரண்டாகக் கொடுப்பேன். மல்லிப்பட்டினத்திலிருந்து கடல்தாழை ஆய்வுக்குப் போகும் படகில் ஆறு வருடமாக ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கடல்தாழை என்றால் கடலடியில் முளைக்கும் புல்; கடல்பசு மேய்வது அதைத்தான். எந்த நாள் போவது, காற்று எப்படி, யார் யாரோடு மூழ்குவது, எல்லாம் என் திட்டம்.

அந்தத் தகட்டுப் பலகையும் என் ஏற்பாடுதான். ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு தகரத் தகடு தொங்கும். தண்ணீரில் இறங்கும்போது சிவப்புப் பக்கம், ஏறியதும் பச்சைப் பக்கம். எல்லாம் பச்சையானால்தான் படகு நகரும். அவரவர் தகட்டை அவரவரேதான் திருப்ப வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தேன். யார் கேட்டார்கள்? நனைந்த உடம்போடு ஏறியவுடன் டீயைத் தேடி ஓடுவார்கள். பின்னாலேயே போய் நான்தான் திருப்பிவிடுவேன். அதனால் நான் பலகையைத் தொட்டால் யாரும் கவனிப்பதில்லை.

வானதி வந்து ஒன்பது மாதம்தான் ஆகிறது. கும்பகோணத்துப் பெண். நல்ல பெண்தான், பொய் சொல்லக் கூடாது. வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். படகோட்டி அல்லா பிச்சை பாய்க்கு ஆறு வருடமாக நான் ‘மேடம்’. அவள் வந்த மூன்றாம் நாளே ‘தங்கச்சி’. மீன் குழம்பில் நடுத்துண்டு அவள் தட்டுக்குத்தான் போகும். இதெல்லாம் ஒரு விஷயமா என்பீர்கள். எனக்கு வயிறு எரிந்தது ஐயா.

தெற்கே ஒரு பெரிய கடல்தாழைத் திட்டு இருக்கிறது என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் அதைத் தேடிப் போக அனுமதி வந்தது. எங்கள் தலைவர் ஜெக்கரியா சார் என்னைக் கூப்பிட்டார்.

“ஆய்வை வானதி நடத்தட்டும் எழில். நீ வழக்கம்போல பாதுகாப்பைப் பாத்துக்க. எல்லாரையும் பத்திரமா கூட்டிட்டு வர்றதுல உன்னை அடிச்சுக்க ஆளில்ல.”

“சரிங்க சார்” என்றேன்.

தனியே யாரும் மூழ்கக் கூடாது, ஜோடியாகத்தான். என் திட்டப்படி வானதிக்கு ஜோடி நான். ஐந்து மீட்டர் ஆழத்தில் திட்டு தெரிந்தது, நான் சொன்ன அதே இடத்தில். நட்டு ஒரு மாதமான வயல் போல அசைந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அளக்கத் தொடங்கினாள், மணிக்கட்டில் கட்டிய பிளாஸ்டிக் சிலேட்டில் குறித்தபடி. மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினேன். இன்னும் ஐந்து நிமிடம் என்று விரல்களை விரித்தாள். அவள் சிலிண்டரில் இருபது நிமிடத்துக்குக் காற்று இருந்தது. அதைப் பார்க்காமல் நான் யாரையும் விட்டு வருவதில்லை.

ஏறினேன். என் தகட்டைத் திருப்பினேன். அவளுடையதையும் திருப்பினேன். மற்ற ஜோடி எப்போதோ ஏறியிருந்தது. வாடைக்காற்று வலுத்துக்கொண்டிருந்ததால் பாய் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

“பலகை பச்சையா இருக்கு. தங்கச்சியைக் காணோமே மேடம்?”

“கீழ படுத்திருக்கா பாய். தலை சுத்துதாம், எழுப்பாதீங்க.”

வாய் தவறி வந்துவிட்டது என்று முதலில் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அது சரியில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து, உடன் வந்த ஹுமைரா அவளுக்கு டீ எடுத்துக்கொண்டு கீழே போனாள். அலறிக்கொண்டு ஓடி வந்தாள். “யா அல்லா, புள்ளைய விட்டுட்டு வந்துட்டோமே” என்று பாய் தலையில் அடித்துக்கொண்டு படகைத் திருப்பினார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டியது என் வேலை. தெற்கே என்று எனக்குத் தெரியும். வடக்கே என்றேன்.

“வாடையில தெக்கால இல்ல மேடம் இழுக்கும்?”

“கருவி சொல்லுது பாய்.”

முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதர், என் பேச்சை நம்பி இருட்டும்வரை வடக்கேயே சுற்றினார். அவரை ஒன்றும் செய்யாதீர்கள், அவர் மேல் தப்பே இல்லை. வானதியைக் கொன்றது நான்தான்.

மூன்றாம் நாள் கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு வலையில் வந்தாள். நேற்று நீங்கள் அவள் சிலேட்டை என் முன்னால் வைத்தீர்கள். அளவுகளுக்கு மேலே கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தாள்: ‘எழில் அக்கா திட்டு’. நான் அழுததைப் பார்த்து, மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். உங்களுக்கு நல்ல மனசு. ஆனால் அது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை ஐயா. நான்கு வருடம் நான் தேடிய திட்டு அது. அதற்கு என் பெயரை வைக்க அவள் யார்?