பல்லக்கில் ஏறிய போன்

நாள்: 19.06.2025, வியாழக்கிழமை, காலை மணி 10.40. சாட்சி தாமாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் தமிழ்மாறன், வயது 36, தகப்பனார் பெயர் சின்னக்கருப்பன். மதுரை திருநகரில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். மருந்து கம்பெனி ஒன்றில் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்க்கிறேன். ஹரிஷ்குமார் காயம்பட்டது சம்பந்தமாகக் கடந்த திங்கட்கிழமை இதே நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். அதில் முக்கியமான பகுதி பொய். அதைத் திருத்திச் சொல்லவே இன்று யாரும் கூப்பிடாமல் வந்திருக்கிறேன். அதிகாரி உட்காரச் சொன்னார். உட்கார முடியவில்லை என்பதால் நின்றுகொண்டே சொல்கிறேன்.

நானும் ஹரிஷ்குமார், ராம்கி, முத்திருளன் ஆகியோரும் நான்கு வருடங்களாக ஞாயிறுதோறும் சேர்ந்து சைக்கிள் ஓட்டி வருகிறோம். ஹரிஷ்குமார் ஜவுளிக் கடை வைத்திருப்பவர், எனக்கு மிகவும் நெருக்கம். ராம்கி கோரிப்பாளையத்தில் மெடிக்கல் ஷாப் நடத்துபவர். முத்திருளன் அலங்காநல்லூர் பக்கத்துக்காரர், நூற்பாலையில் எலக்ட்ரீஷியன். மாதம் ஒரு மலை ஏற வேண்டும், பன்னிரண்டு மாதம் விடாமல் ஏறியவருக்கு ஒரு நீலச் சட்டை என்பது எங்களுக்குள் ஏற்பாடு. ஏறியதற்கு அத்தாட்சி அவரவர் செல்போனில் சைக்கிள் செயலி எடுக்கும் பதிவு. பதிவு ஓடினாலும் நின்றாலும், ஒருவர் போன் இருக்கும் இடம் மற்றவர் போனில் ஒரு புள்ளியாகத் தெரியும். கடையில் தொங்கினால் யாரும் திரும்பிப் பார்க்காத சட்டைதான். ஆனாலும் நாற்பதை நெருங்கும் ஆட்கள் அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி அடித்துக்கொண்டோம்.

ஹரிஷ்குமாருக்கு அவ்வப்போது முழங்கால் வலி வரும். வலி வந்த மாதங்களில் தன் போனை என்னிடம் கொடுத்துவிடுவார். நான் என் சட்டையின் பின்பையில் வைத்து மேலே கொண்டுபோவேன். மலை அவர் பெயரில் பதிவாகிவிடும். எங்கள் இருவருக்குள் அதற்குப் பெயர் பல்லக்கு. இதற்கு முன் இரண்டு முறை தூக்கியிருக்கிறேன். மற்ற இருவருக்கும் தெரியாது. விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

கடந்த 15ஆம் தேதி ஞாயிறு காலை நாலரை மணிக்குக் கோரிப்பாளையத்தில் கூடிப் புறப்பட்டு, அலங்காநல்லூர் தாண்டி, ஆறே கால் மணிக்குப் பூசாரிமலை அடிவாரம் சேர்ந்தோம். மலைக்கு ஒரே சாலை, ஒன்பது வளைவுகள். எங்கள் வழக்கப்படி ராம்கி முதலில் ஏறினார். கடைசி ஆள் முத்திருளன். கடைசி ஆள் யாரையும் பின்னால் விட்டுவிட்டு முன்னேறக் கூடாது. ஹரிஷ்குமாருக்கு அது பன்னிரண்டாவது மலை.

மூன்றாவது வளைவில் சிறு பாலம் ஒன்று உள்ளது. அங்கே ஹரிஷ்குமார் என்னை நிறுத்தி, "மாப்ள, இன்னைக்கும் பல்லக்குதான். அம்புட்டு வலி. முத்திருளன் போற வரைக்கும் பாலத்துக்குக் கீழ இருந்துக்கிறேன்" என்று சொல்லிப் போனைக் கொடுத்தார். அதன் பிறகு சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை வழியாக ஓடைக்குள் இறங்கினார். நாங்கள் போடுவது பெடலில் மாட்டிக்கொள்ள அடியில் கட்டை வைத்த ஷூ. அது பாறையில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். கழற்றிவிட்டு இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முத்திருளன் வந்துவிடுவாரே என்ற பதற்றத்தில் நான் மிதித்துக்கொண்டு போய்விட்டேன்.

முத்திருளன் அந்தப் பாலத்தில் நின்று போனைப் பார்த்ததாகவும், ஹரிஷ்குமாரின் புள்ளி மேலே ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டு தானும் ஏறியதாகவும் சொல்லியிருக்கிறார். அது உண்மை. அந்தப் புள்ளி என் முதுகில் இருந்தது.

உச்சியில் ராம்கி தண்ணீர் பிடிக்கச் சுனைப் பக்கம் போயிருந்தார். நான் ஹரிஷ்குமாரின் பதிவை நிறுத்திவிட்டு, ராம்கி திரும்பி வந்ததும், ஹரிஷ்குமார் வந்து தொட்டுவிட்டு வீட்டில் விசேஷம் என்று உடனே இறங்கிவிட்டதாகச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் முத்திருளன் வந்தார். "என்னையத் தாண்டி யாரும் இறங்கலையேண்ணே" என்றார். "வளைவுல விசுக்குன்னு போயிருப்பான், நீ கவனிச்சிருக்க மாட்ட" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "இருக்கும்ணே" என்றார். என்னைவிடத் தன் கண்ணைத்தான் அவர் சந்தேகப்பட்டார்.

அதன் பிறகு மூவரும் இறங்கினோம். பாலத்தைத் தாண்டும்போது நான் கீழே எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் இவர்களும் பார்ப்பார்கள். அடிவாரத்து டீக்கடையில் அவர் காத்திருப்பார் என்று நம்பினேன். அங்கே இல்லை. ராம்கி போனைப் பார்த்து, "இங்கனதான் இருக்கான்னு காட்டுது" என்று கடைக்குப் பின்னால் போய்த் தேடினார். எனக்கு நிலைகொள்ளவில்லை. மூன்று டீ சொல்லி ஒன்றையும் குடிக்கவில்லை. டயரில் காற்று சரியாக இருந்தும் அடித்தேன். சாலைக்கும் கடைக்குமாக நடந்தேன். போன் என்னிடம் இருப்பதைச் சொன்னால் பழைய இரண்டு மலைகளும் வெளியே வரும். அந்த வெட்கத்துக்கு அஞ்சி இருபத்தைந்து நிமிடம் வாயைத் திறக்கவில்லை. பிறகு, "நான் மேல போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று தனியாக ஏறினேன்.

ஓடைக்குள் சைக்கிள் அவர் மேல் கிடந்தது. தலையில் ரத்தம் உறைந்திருந்தது. ஒரு காலில் ஷூ இல்லை. கண்ணைத் திறந்து, "பல்லக்கு ஏறிருச்சா மாப்ள?" என்று கேட்டார். ஏறிவிட்டது என்றேன். அதற்குப் பிறகு இன்று வரை அவர் பேசவில்லை. நான் போனை எடுத்து அவருடைய பையில் வைத்தேன். வைத்த பிறகுதான் என் போனில் ராம்கியையும் ஆம்புலன்ஸையும் அழைத்தேன். இந்த வரிசையை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நீங்கள் அந்தப் போனைச் சோதித்து, அவர் உச்சி வரை ஏறியது உறுதி என்றீர்கள். ஒரே சாலையில் இறங்கியவரைப் பார்க்கவே இல்லை என்கிற முத்திருளன் எதையோ மறைக்கிறார் என்று ஹரிஷ்குமாரின் மனைவி காவ்யஸ்ரீ புகார் கொடுத்தார். என்னைக் கேட்டபோது, ஹரிஷ்குமார் இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அன்றிலிருந்து முத்திருளனை மூன்று முறை விசாரணைக்கு அழைத்திருக்கிறீர்கள். ஆலையில் அவரை வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் போனை இத்துடன் ஒப்படைக்கிறேன். மூன்றாவது வளைவிலிருந்து உச்சி வரை என் பதிவும் ஹரிஷ்குமாரின் பதிவும் வினாடி பிசகாமல் ஒன்றாக இருக்கும். இரண்டு ஆட்கள் அப்படி மிதிக்க முடியாது. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் காவ்யஸ்ரீ அந்தப் பதிவைத் தன் போனில் என்னிடம் காட்டி, "வலியோட எம்புட்டு வேகமா ஏறிருக்காரு பாருங்கண்ணே" என்றார். ராம்கி கொண்டுவந்து வைத்த நீலச் சட்டை கட்டில் ஓரத்தில் மடித்து இருந்தது. இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்துவிட்டு, விடிந்ததும் முத்திருளனுக்குப் போன் செய்து ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன்.

என்னை இங்கே அழைத்து வந்தவர் அவர்தான். இரவு தூங்கவில்லை என்றதும், நான் வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவரே வந்துவிட்டார். அவருக்காகப் பரிந்து பேச வருகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "எனக்காக அலையிறீகளேண்ணே" என்று வழியில் இரண்டு முறை சொன்னார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே உள்ள அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. முழுவதும் உண்மை. முத்திருளனை உள்ளே அழைத்து அவருக்கும் ஒரு முறை வாசித்துக் காட்டும்படி வேண்டுகிறேன். என் வாயால் அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாசிக்கும்போது நான் இந்த அறையிலேயே நிற்கிறேன்.

(ஒப்பம்)
சி. தமிழ்மாறன்