பெரட்டில் கேட்ட குரல்

இந்தப் பென்ஷன் கந்தோரில் தேத்தண்ணி நன்றாகத்தான் தருகிறார்கள். பிஸ்கட்டும் நொறுங்காமல் வருகிறது. விசாரணை அறையில் நான் பாதியில் விட்ட கோப்பையை மறக்காமல் கொண்டுவந்து தந்தாய் பார், அது நல்ல வளர்ப்பு. ஆனால் தரும்போது, "அங்கிள், அந்தச் சாட்சிக்கார மனுசன் சொன்னது உண்மையோ?" என்று கேட்டாய். மொழிபெயர்க்க வந்தவள் கேட்கக்கூடாத கேள்வி அது, நாகேஸ்வரி. போகட்டும், எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. முடிவு சொல்லும்வரை இந்த வாங்கில் உட்காரத்தானே வேண்டும். சொல்கிறேன்.

என் கோரிக்கை எளியது. யுத்தகாலத்தில் சேவை செய்தேன்; அதற்கு இந்த நாட்டு அரசாங்கத்தின் பென்ஷன் வேண்டும். மலாயாவில், பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, கணக்கும் ஆள்பதிவும் என் கையில். துரைக்கு அடுத்தபடி நான்தான். யுத்தம் வருமுன்பே வெள்ளைக்காரரின் தொண்டர் படையில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் துப்பாக்கியைத் தோளில் வைத்து மைதானத்தைச் சுற்றுவோம். ஜப்பான்காரன் வந்திறங்கியதும் எங்கள் கப்டன், உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்று கட்டளையிட்டார். பிறகு காரில் ஏறிச் சிங்கப்பூர் போய்விட்டார். நான் கட்டளையை மீறுகிறவன் அல்லன். ஆனால் அந்தக் காக்கி நல்ல துணி. பொத்தான்களை மட்டும் மாற்றினேன்.

கொஞ்ச நாளில் ஜப்பான்காரர் ஊர்காவல் படை அமைத்தார்கள். அதே சட்டையில் அவர்கள் தந்த கைப்பட்டியைக் கட்டிக்கொண்டேன். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர் திரும்பிய அன்று, பட்டியை அவிழ்த்துவிட்டு, அதே சட்டையோடு வாசலில் நின்று சல்யூட் அடித்தேன். அரசாங்கம் மாறியது, சட்டை மாறவில்லை. ஆகவே என் சேவை முறிவில்லாதது. நான் தனியாகச் சேவை செய்த அந்த இடைக்காலத்தைத் தள்ளிவிட்டு, சனிக்கிழமைகளை மட்டும் எண்ணுவோம் என்று இந்தக் கந்தோர் சொன்னால் அது என்ன நியாயம்?

இங்கே மெல்பேர்னில் எங்கள் ஆட்கள் என்னைக் கப்டன் என்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைத் திருத்தவுமில்லை. கூட்டமென்றால் முன்வரிசைக் கதிரை எனக்கு. மருமகள் விமலா மட்டும், சோறு போடும்போது, "கப்டனுக்குப் பென்ஷன் தரமாட்டினமோ, மாமா?" என்று கேட்பாள். பென்ஷன் கிடைத்தால் அந்த வாய் மூடும். என் சோற்றை நான் தலைநிமிர்ந்து தின்னலாம்.

இடைக்காலத்துக்கு நேரில் கண்ட சாட்சி வேண்டும் என்றார்கள். அப்போதுதான் டண்டினொங் சந்தையில் அந்தோணியைப் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் பால்மரம் சீவியவன். தாதியாக வந்த மகள் மார்கரெட்டோடு இங்கே இருக்கிறானாம். முதுகு கூனிவிட்டது, அடையாளம் நிச்சயமில்லை. அதனால் பழையபடி, "அந்தோணி" என்று குரல் கொடுத்தேன். தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கையைத் தொடையோடு ஒட்டி, "இருக்கேங்க" என்றான்.

உனக்கு இது விளங்காது. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுகிற வரிசை. தொங்கும் தண்டவாளத் துண்டைத் தண்டல், எங்கள் கங்காணி, தட்டுவான். சனம் இருட்டில் வரிசையாக நிற்கும். நான் பெயர் கூப்பிடுவேன். ஆள், இருக்கேன் என்று சொல்ல வேண்டும். குரல் கேட்டால் அன்றைய பேர் உண்டு, கேட்காவிட்டால் கூலி இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகியும், கடல் தாண்டியும் அந்த ஒழுங்கு அவனிடம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவனைவிட விசுவாசமான சாட்சி யார்?

கேட்டதும் ஒப்புக்கொண்டான். இன்று காலை கூட்டிவரப் போனேன். மார்கரெட் வாசலை மறித்துக்கொண்டு, "அப்பா, இந்த ஆளோட காருல நீங்க ஏறணுமா?" என்றாள். அவன், "அன்னிக்கு நம்மாளுங்கள ஏத்துனாங்க, தாயி. இன்னிக்கு நானா ஏறுறேன். விடு," என்றான். காரில் பின்சீட்டில் போய் உட்கார்ந்தான். மரியாதை என்று நினைத்தேன்.

மீதியை நீயே உன் வாயால் இங்கிலீஷில் சொன்னாய். இவரை உடுப்பில் பார்த்தீரா என்று அதிகாரி கேட்டார். "பார்த்தேங்க. காக்கிச் சட்டை, கையில பட்டி. சுத்தமா இருப்பாரு," என்றான். அதுவரை சரியாகவே போனது. என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டதும், "எங்க ஆளுங்கள சயாமுக்கு ஏத்திக்கிட்டு இருந்தாருங்க," என்றான். நீ அங்கே கொஞ்சம் தடுமாறினாய். மொழிபெயர்ப்பவள் தடுமாறக்கூடாது.

உண்மைதான். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரருக்கு ஆள் வேண்டியிருந்தது. மற்றத் தோட்டங்களில் ஆளைத் துரத்திப் பிடித்தார்கள். அடி, உதை, ரப்பர்க் காட்டுக்குள் ஓட்டம், அசிங்கம். என் தோட்டத்தில் ஒரு கூச்சல் இல்லை. வழக்கமான நேரத்தில் தண்டவாளத்தைத் தட்டச் சொன்னேன். வழக்கம்போல் வந்தார்கள். பெயர் கூப்பிட்டேன். இருக்கேன் என்று சொன்னவர்களை, அடுத்த டிவிஷனில் வேலை என்று, பால் கொட்டகைக்குப் பின்னால் நின்ற லொறிகளில் ஏறச் சொன்னேன். விடிவதற்குள் முடிந்துவிட்டது.

அந்தோணியின் பெயருக்குப் பதில் சொன்னது பவளம், அவன் பெண்சாதி. அவன் குளிர்காய்ச்சலில் லயத்து வீட்டில் கிடந்தான். ஒருவர் பேருக்கு மற்றவர் குரல் கொடுப்பது அந்தச் சனத்தின் வழக்கம். ஒருநாள் கூலி தப்புமே. அவள் குரலைத் தடிப்பாக்கி, இருக்கேன் என்றாள். எனக்குத் தெரியாதா? மற்ற நாளென்றால் கண்டும் காணாமல் விட்டிருப்பேன், நான் கல்நெஞ்சக்காரன் அல்லன். லொறியடியில் வந்துதான் அவளுக்கு விளங்கியது. "ஐயா, நான் அவருக்காகச் சொன்னேங்க. புள்ள பால் குடிக்கிறது, லயத்துல அழுவுது," என்றாள். "பதில் சொன்னது நீதானே?" என்று கேட்டேன்.  ஏறினாள். பெயருக்குக் குரல் இருந்தது, குரலுக்கு ஆள் இருந்தது. பெரட்டு என்றால் அதுதான்.

அவள் திரும்பவில்லை. பலர் திரும்பவில்லை. சயாமில் வாந்திபேதி, அதற்கு நான் என்ன செய்ய? இங்கே ஒன்றைக் கவனி. அவள் போனதால்தான் அவன் தப்பினான். அந்தக் குழந்தைதான் மார்கரெட். இன்று வாசலை மறித்தாளே, அவள். அப்பனை விட்டுவைத்தவனுக்கு ஒரு தேத்தண்ணி தரவில்லை.

"ஜப்பான்காரன் வற்புறுத்தினதாலதானே அங்கிள்?" என்று அதிகாரி கேட்காததை நீ கேட்கிறாய். என்னைக் காப்பாற்றப் பார்க்கிறாய், நல்ல பிள்ளை. இல்லை. அந்த ஜப்பான் லெப்டினன்ட் கேட்டது, கலியாணம் ஆகாத, விருப்பமுள்ள ஆண்களை மட்டும். எத்தனை பேர் என்றுகூடச் சொல்லவில்லை. முழுப் பெரட்டையும் கொடுத்தது நான். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி வரதராஜாவுக்கு, ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக, கைப்பட்டியில் இரண்டாம் கோடு கொடுத்துப் பதவி உயர்த்தியிருந்தார்கள். அவன் எனக்குப் பிறகு சேர்ந்தவன். அந்த வாரமே எனக்கும் கிடைத்தது. அந்தப் பட்டியை அதிகாரியிடம் காட்டலாம் என்று கொண்டுவந்தேன். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. தொட்டுப்பார், இன்னும் நிறம் போகவில்லை.

ஏன் எழும்புகிறாய்? இரு, முடித்துவிடுகிறேன். அதிகாரி எனக்குக் கை கொடுக்காமல் வெளியே போனதைப் பார்த்தேன். முடிவு எப்படி இருந்தாலும் சாட்சி தெளிவு: உடுப்பு இருந்தது, கடமை நடந்தது, ஒருநாளும் லீவு இல்லை. எல்லாம் அவன் வாயாலேயே வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. சற்றுமுன் அவன் படியிறங்கிப் போகையில், காரில் கொண்டுபோய் விடலாமென்று, "அந்தோணி" என்று கூப்பிட்டேன். கேட்டது. நின்றான். பிறகு பதில் சொல்லாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டான். என் பெரட்டில் அவன் பதில் சொல்லாதது இது இரண்டாவது தடவை. முதல் தடவைபோலவே, இதையும் நான் மன்னித்துவிட்டேன்.